மின்னஞ்சல் போகாவிடில் என்ன செய்வது?

பஞ்சாயத்து அலுவலகங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களிலும் இன்று பல காரியங்கள் மின்னஞ்சல் வழியாகவே நடைபெறுகின்றன. விலைப்புள்ளி கேட்டு வரும் கடிதங்களும், வங்கிக் கணக்கு விவரங்களும், விதை, உரம் பற்றிய கம்பெனிக் கடிதங்களும் இவ்வழியே வருகின்றன. பதில்களும் இவ்வழியே போகின்றன. நம் நாட்டில் தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்துடன் நின்றுவிட்டது. தந்தி கொடுத்தவருக்குக் கையில் ஒரு ரசீதாவது கிடைத்தது. மின்னஞ்சலுக்கு அவ்விதமான ரசீது இல்லை. ‘அனுப்பு’ என்னும் பொத்தானை அழுத்தியதும் கடிதம் போய்விட்டதாக நாமே முடிவு செய்துகொள்கிறோம். இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

நிலக்கடலை கொள்முதல் செய்து விற்கும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் நடந்ததைக் கூறுகிறேன். வெளியூர் எண்ணெய் ஆலை ஒன்று வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் விலைப்புள்ளி அனுப்பும்படி கேட்டிருந்தது. நிறுவனத்தின் காரியதரிசி 3 மணிக்கே கடிதத்தைத் தயார் செய்துவிட்டார். அன்று பார்த்துச் சாலை வேலைக்காகக் குழி தோண்டியவர்கள் அலுவலக இணையக் கம்பியை அறுத்துவிட்டார்கள். அவர் தமது கைபேசியின் இணையத் தொடர்பை மடிக்கணினிக்குக் கொடுத்தார். புதிய கடிதங்கள் நான்கைந்து உடனே வந்து விழுந்தன. ‘வருவதெல்லாம் வருகிறது, தொடர்பு சரியாயிருக்கிறது’ என்று எண்ணி, விலைப்புள்ளியை அனுப்பும் பொத்தானை அழுத்தி, கணினியை மூடிவிட்டுக் கொள்முதல் களத்திற்குச் சென்றுவிட்டார். திங்கட்கிழமை ஆலைக்குத் தொலைபேசியில் பேசியபோது, கடிதமே வரவில்லை என்றார்கள். கணினியைத் திறந்து பார்த்தால், கடிதம் ‘அவுட்பாக்ஸ்’ என்னும் பெட்டியில் கிடந்தது. வேறொருவர் விலையை ஆலை ஏற்றுக்கொண்டுவிட்டது.

அதே கணினி, அதே முகவரி, அதே கடவுச்சொல். இரண்டு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறாமல் கடிதம் போய்க்கொண்டிருந்தது. அன்று மட்டும் ஏன் போகவில்லை? இக்கேள்விக்கு விடை காண்பதற்கு, மின்னஞ்சல் செல்லும் பாதையைச் சற்று அறிந்துகொள்ளுதல் அவசியம்.

வரும் வழி வேறு. போகும் வழி வேறு

வயலுக்கு நீர் பாயும் வாய்க்கால் வேறு, நீர் வெளியேறும் வடிகால் வேறு என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்னஞ்சலும் அப்படித்தான். நமக்கு வந்த கடிதங்களை எடுத்துத் தருவதற்கு ஒரு முறை உண்டு. அதற்குப் ‘பாப்’ அல்லது ‘ஐமேப்’ என்று பெயர். நாம் எழுதியதை எடுத்துச் செல்வதற்கு முற்றிலும் வேறொரு முறை உண்டு, அதனை ‘எஸ்.எம்.டி.பி.’ என்பர். இரண்டுக்கும் கணினியில் தனித்தனி அமைப்புகள் உள்ளன. கம்பெனியின் பக்கத்திலும் பெரும்பாலும் தனித்தனி சர்வர்கள், அதாவது அஞ்சலைக் கையாளும் பெரிய கணினிகள், உள்ளன. ஆகவே கடிதங்கள் வருகின்றன என்பது, கடிதங்கள் போகும் என்பதற்குச் சான்றாகாது. காரியதரிசி செய்த தவறு இந்த ஓர் இடத்திலேதான்.

அனுப்பும் முறையின் விதிகளை அமெரிக்கரான ஜான் போஸ்டல் 1982-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் இவ்வலையில் இணைந்திருந்தவை பெரும்பாலும் பல்கலைக் கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமே. ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆதலால் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் கடிதத்தை வாங்கி உரிய இடத்திற்கு அனுப்புவதையே சர்வர்கள் வழக்கமாகக் கொண்டிருந்தன, ‘நீ யார்?’ என்று கேட்கும் ஏற்பாடு அவ்விதிகளில் இல்லை. சர்வருக்குள் செல்லும் வாயிலுக்கு ‘போர்ட்’ என்று பெயர்; ஒவ்வொரு வாயிலுக்கும் ஓர் எண் உண்டு. அஞ்சலுக்கு உரிய வாயில் 25.

பின்னர் இணையம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, கேட்பாரற்ற அவ்வாயில் வழியே விளம்பரங்களும் மோசடிக் கடிதங்களும் கோடிக்கணக்கில் புகுந்தன. வீட்டுக் கணினிகளில் தீய நிரல்களைப் புகுத்தி, சொந்தக்காரருக்கே தெரியாமல் அவற்றின் மூலம் கடிதங்களைப் பரப்புவோரும் தோன்றினர். எனவே இணையச் சேவைக் கம்பெனிகள் பல, தம் வாடிக்கையாளர்களின் தொடர்பிலிருந்து வெளிச் சர்வர்களின் 25-ஆம் வாயிலுக்குச் செல்லும் பாதையை அடைத்துவிட்டன. அந்த வாயில் சர்வரும் சர்வரும் கடிதம் மாற்றிக்கொள்வதற்கே உரியதாயிற்று. நம்மைப் போன்றவர்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்று 1998-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 587 என்னும் தனி வாயில் வகுக்கப்பட்டது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்ட பிறகே கடிதத்தை வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். தொடக்கம் முதலே மறைகுறியாக்கத்துடன் இயங்கும் 465 என்னும் வாயிலும் இப்பொழுது உபயோகத்தில் உள்ளது.

இனி, வெள்ளிக்கிழமை நடந்தது விளங்கும். அந்த நிறுவனத்தின் முகவரி, அதற்கு இணையத் தொடர்பு கொடுத்த கம்பெனியே அளித்தது. கணினியில் அமைப்பைச் செய்து கொடுத்தவர், அனுப்பும் சர்வருக்கு 25-ஆம் வாயிலையே குறித்திருந்தார். கடவுச்சொல் தேவையில்லை என்றும் விட்டுவிட்டார். அலுவலகத் தொடர்பிலிருந்து கடிதம் போகும்போது, ‘இவர் நம் கம்பிவழியே வருபவர், நம்மவர்’ என்று கம்பெனியின் சர்வர் அறிந்து வாங்கிக்கொண்டது. கைபேசித் தொடர்போ வேறொரு கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி 25-ஆம் வாயிலுக்குச் செல்லும் வழியை அடைத்திருந்தது. அடைக்காமல் இருந்திருந்தாலும் பயனில்லை. வெளியிலிருந்து பெயர் சொல்லாமல் வருபவரின் கடிதத்தை அஞ்சல் சர்வர் மறுத்தே இருக்கும். வாயிலை 587 என்று மாற்றி, ‘அனுப்பும் சர்வருக்குக் கடவுச்சொல் தேவை’ என்னும் கட்டத்தில் குறியிட்டதும் கடிதங்கள் எந்தத் தொடர்பிலிருந்தும் போகத் தொடங்கின. பத்து நிமிட வேலை. இரண்டு ஆண்டுகளாக ஒருவரும் செய்யாத வேலை.

கடிதம் எங்கே நிற்கிறது?

கடிதம் போகவில்லை என்று தெரிந்தவுடன், பலர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். அன்றேல் அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். இரண்டும் கூடா. முதலாவது செய்கையால், தடை நீங்கியதும் ஒரே கடிதம் பத்துப் பிரதிகளாகச் சென்று சேரும். இரண்டாவது செய்கையால், முன்பு சரியாயிருந்ததும் கெட்டு, எது காரணம் என்று பிறகு எவராலும் கண்டுபிடிக்க இயலாது போகும்.

கடிதம் நிற்கக்கூடிய இடங்கள் மூன்றே. நம் கணினியை விட்டே அது புறப்படாமல் இருக்கலாம். நம் கம்பெனியின் சர்வர் அதனை வாங்க மறுக்கலாம். பெறுபவருடைய சர்வர் திருப்பி அனுப்பலாம். அவுட்பாக்ஸ் பெட்டியில் கிடந்தால் முதல் இரண்டில் ஒன்று. ‘சென்ட்’ பெட்டிக்குச் சென்று, பிறகு ‘அனுப்ப இயலவில்லை’ என்ற கடிதம் திரும்பி வந்தால் பெரும்பாலும் மூன்றாவது.

இதனை அறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. கணினியில் அஞ்சல் மென்பொருளை மூடிவிட்டு, வலைப்பக்கம் பார்க்கும் பிரவுசரில் கம்பெனியின் அஞ்சல் தளத்தைத் திறந்து, அங்கிருந்து உங்களுடைய முகவரிக்கே இணைப்பு ஏதுமின்றி இரண்டு வரி அனுப்பிப் பாருங்கள். இவ்வழி 25, 587 ஆகிய வாயில்களை நம் கணினி தொடுவதில்லை. சாதாரண வலைப்பக்கம் போலவே செல்கிறது. கடிதம் போனால், கணக்கும் கடவுச்சொல்லும் சரி, கோளாறு கணினியின் அமைப்பிலோ இடையிலுள்ள பாதையிலோ உள்ளது என்று கொள்ளலாம். அங்கும் போகாவிடில், கோளாறு கணக்கில் இருக்கிறது. கம்பெனியிடம்தான் பேச வேண்டும். அவசரமாயின் பரீட்சையே பரிகாரமும் ஆகும்: அக்காரியதரிசி அன்று பிரவுசர் வழியே விலைப்புள்ளியை அனுப்பியிருந்தால், 5 மணிக்கு முன்பே அது ஆலைக்குச் சேர்ந்திருக்கும்.

பிரவுசர் வழியே போய், மென்பொருள் வழியே போகவில்லையெனில், அனுப்பும் சர்வரின் பெயர், வாயில் எண், மறைகுறியாக்க முறை, பயனர் பெயர் ஆகிய நான்கையும் கம்பெனி தந்த தாளுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுக. பயனர் பெயர் என்ற இடத்தில் சில கம்பெனிகள் முழு முகவரியையும் கேட்கும். சில, ‘அட்’ குறிக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் கேட்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் சில சமயம் வெளிச்செல்லும் அஞ்சலை இடைமறித்து நிறுத்துவதுண்டு. அதன் அமைப்பில் அஞ்சல் சோதனைப் பகுதியை மட்டும் சற்று நேரம் நிறுத்திப் பார்க்கலாம்.

பழைய மேஜைக் கணினிகளில் இன்னொரு விந்தையான காரணம் உண்டு. கணினிக்குள் கடிகாரத்தை ஓட்டுவதற்காகக் காசு போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கிறது. ஆண்டுகள் பல சென்று அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழில் அது செல்லுபடியாகும் காலம் குறிக்கப்பட்டிருப்பதால், தேதி தவறிய கணினி ‘இச்சான்றிதழ் செல்லாது’ என்று கூறித் தொடர்பை மறுத்துவிடும். இதனால் கடிதம் போவதுடன் வருவதும் நிற்கக்கூடும். திரையின் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் உள்ளது சி.ஆர். 2032 என்னும் வகை. கைக்கடிகாரக் கடைகளில் கிடைக்கும்.

கடவுச்சொல் சரியாயிருந்தும் மறுக்கப்படுதல்

‘கடவுச்சொல்லை நான் மாற்றவே இல்லை, ஆயினும் தவறு என்கிறது’ என்று முறையிடுவோர் பலர். அவர்கள் சொல்வது மெய்யே. விதி மாறிவிட்டது. கூகுள் நிறுவனம் 2022-ஆம் ஆண்டு மே 30 முதல், தனியார் கணக்குகளில் வெறும் பெயரும் வழக்கமான கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து வெளி மென்பொருள்கள் நுழைவதை நிறுத்திவிட்டது. பழைய மென்பொருளை வைத்திருப்பவர்கள், முதலில் இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்திக்கொண்டு, பின்னர் அம்மென்பொருளுக்கென்று 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல் ஒன்றைக் கணக்கிலிருந்து பெற்று அதனையே இட வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் முகவரிகளுக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 முதல் இதனினும் கடுமையான விதி வந்தது. புதுமுறை உள்நுழைவை அறியாத மென்பொருள்கள் அதில் இயங்கா. இத்தகைய சந்தர்ப்பத்தில் பழைய மென்பொருளோடு மல்லாடுவதைவிடப் பிரவுசரிலேயே அஞ்சலைக் கையாளுவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

வேறொரு காரணமும் உண்டு. நம் கடவுச்சொல்லை எவரேனும் திருடி, நம் பெயரில் ஆயிரக்கணக்கான கடிதங்களை அனுப்பினால், கம்பெனி அதனைக் கண்டு நம் கணக்கின் வெளிச்செல்லும் வழியை அடைத்துவிடும். வருவது வந்துகொண்டேயிருக்கும், போவது நின்றுவிடும். நாம் எழுதாத கடிதங்கள் ‘சென்ட்’ பெட்டியில் காணப்பட்டால் ஐயமே இல்லை. கடவுச்சொல்லை உடனே மாற்றுவதோடு நில்லாமல், கணக்கின் அமைப்புகளில் நமக்கு வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு ஏதும் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருடர்கள் இதனைச் செய்துவிட்டுப் போவதுண்டு. கடவுச்சொல்லை மாற்றிய பின்பும் அது நீங்குவதில்லை.

இணைப்பின் பாரம்

சிட்டா, அடங்கல், வரைபடம் முதலிய நகல்களைக் கைபேசியில் படமெடுத்து அப்படியே கடிதத்துடன் இணைப்பது இப்போது பெருவழக்கமாகிவிட்டது. ஒரு படம் 4 எம்.பி. எனில், ஆறு படங்கள் 24 எம்.பி. ‘எல்லை 25 எம்.பி. தானே, இது அதற்குள் அடங்குமே’ என்று நினைக்கலாம். அடங்காது. மின்னஞ்சல் முறை ஆதியில் எழுத்துகளை மட்டுமே சுமப்பதற்காக ஏற்பட்டது. படங்களை அதில் ஏற்றுவதற்கு முன் அவற்றை எழுத்துகளாக மாற்றியாக வேண்டும். மூன்று பங்கு படம் நான்கு பங்கு எழுத்தாகிறது. மூட்டையில் மூன்றில் ஒரு பங்கு சுமை கூடிவிடுகிறது. 24 எம்.பி. உள்ள படங்கள் வழியில் 32 எம்.பி. ஆகின்றன. 25 எம்.பி. எல்லையுள்ள சர்வரில் சுமார் 18 எம்.பி. வரையிலான இணைப்புகளே செல்லும் என்று கொள்ளுதல் நலம். பெறுபவரின் எல்லை நம்முடையதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். படங்களின் அளவைச் சுருக்குக. அல்லது இரண்டு மூன்று கடிதங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ‘மூன்றில் முதலாவது’ என்பதுபோல் தலைப்பில் குறிப்பிட்டு அனுப்புக.

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி. இடம் அஞ்சலுக்கு மட்டும் உரியதன்று. கைபேசிப் படங்களைச் சேமித்து வைப்பதற்கும் அதுவே இடம். திருவிழாப் படங்களால் அது நிரம்பிவிட்டாலும் கடிதம் அனுப்ப இயலாது.

திரும்பி வரும் கடிதத்தைப் படித்தல்

போகாத கடிதத்திற்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு நீண்ட அறிக்கை வருகிறது. பலர் அதனைக் கண்டதும் அழித்துவிடுகிறார்கள். அவ்விதம் செய்யலாகாது, நோய்க்கான காரணம் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆங்கிலம் விளங்காவிடினும் மூன்று இலக்க எண் ஒன்றை அதில் தேடுங்கள். 4 என்று தொடங்கினால் தடை தற்காலிகமானது. 5 என்று தொடங்கினால் மறுப்பு முடிவானது. 421, 450, 451 போன்ற எண்களைக் கண்டால் அவசரப்பட வேண்டியதில்லை. சர்வர் தானே மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாட்கள் வரையில் முயல வேண்டும் என்பது விதியில் கண்ட பொது வழக்கு. ஆனால் கெடு மாலை 5 மணி என்றால் அதனை நம்பி உட்கார்ந்திருத்தல் தகாது.

550 என்பது பெரும்பாலும் அப்படியொரு முகவரி இல்லை என்பதைக் குறிக்கும். ஓர் எழுத்துப் பிழை போதும். 552 என்றால் பாரம் மிகுதி, அன்றேல் பெறுபவரின் பெட்டி நிரம்பியிருக்கிறது. 530 என்றால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படுகின்றன, நம் மென்பொருள் கொடுக்கவில்லை. 535 என்றால் கொடுத்தோம், ஏற்கப்படவில்லை. அறிக்கையில் ‘ரிலே’ என்ற சொல் காணப்பட்டால், ‘நீர் எம்மவர் அல்லர், உம் கடிதத்தை யாம் எடுத்துச் செல்லோம்’ என்று சர்வர் கூறுகிறது என்று பொருள். வேறொரு தொடர்பிலிருந்து அனுப்பும்போது இது நிகழும்.

சொந்தப் பெயரில் வலைமுகவரி வாங்கி வைத்துள்ள உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. ‘எங்கள் பெயரால் இன்னின்ன சர்வர்களே கடிதம் அனுப்பும்’ என்று உலகறியப் பதிவு செய்து வைக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு, அதற்கு ‘எஸ்.பி.எஃப்.’ என்று பெயர். கடிதத்தில் முத்திரை வைப்பது போன்ற ‘டி.கே.ஐ.எம்.’ என்பது மற்றொன்று. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதுவோர் யாவருக்கும் இவ்விரண்டில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்று கூகுள் விதித்துள்ளது. வலைமுகவரியை விற்றவரிடம் இதனைக் கேட்டுச் செய்வித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் கூறுவது

‘நான் மூன்று மணிக்கே பொத்தானை அழுத்தினேன்’ என்று காரியதரிசி ஆலைக்காரரிடம் வாதாடிப் பார்த்தார். சட்டம் அவர் பக்கம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 13-ஆம் பிரிவில், இரு தரப்பாரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி, மின்னணுக் கடிதம் அனுப்புபவரின் ஆளுகைக்கு அப்பாற்பட்ட கணினி அமைப்பில் நுழையும்போதுதான் அது அனுப்பப்பட்டதாகும் என்று கூறுகிறது. அவுட்பாக்ஸில் கிடக்கும் கடிதம் இன்னும் நம் ஆளுகையில் உள்ளது. ஆகவே அது அனுப்பப்படவே இல்லை. பெறுபவர் இதற்கென்று ஓர் அஞ்சல் முகவரியைக் குறித்துக் கொடுத்திருந்தால், அந்த அமைப்பினுள் கடிதம் நுழையும் நேரமே அது பெறப்பட்ட நேரம் என்றும் அப்பிரிவு சொல்கிறது. பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்வது பற்றி 12-ஆம் பிரிவு பேசுகிறது.

ஆகையால் கெடுவுள்ள எக்கடிதத்திலும், ‘இது கிடைத்தவுடன் ஒரு வரி பதில் எழுதுக’ என்று கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றை வேறு கம்பெனியிலுள்ள உங்கள் இரண்டாவது முகவரிக்கு அனுப்புங்கள். அது வந்து சேர்ந்தால், கடிதம் நம் சர்வரைக் கடந்துவிட்டது என்பது உறுதி. அரை மணி நேரத்தில் பதில் வராவிடில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

கம்பெனியிடம் முறையிடும் முறை

கம்பெனிக்குப் பேசுவதற்கு முன், அறிக்கையில் கண்ட எண், நாள், நேரம், எத்தொடர்பிலிருந்து அனுப்பப்பட்டது, பிரவுசர் வழியே போனதா இல்லையா என்பவற்றைத் தாளில் குறித்து வைத்துக்கொண்டால், பேச்சு பாதியில் முடியும். ‘மெயில் போகவில்லை’ என்று மட்டும் கூறினால், கணினியை நிறுத்தித் திரும்பப் போடும்படி சொல்லி அனுப்பிவிடுவார்கள். கம்பெனியின் உதவித் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடி எடுப்பது ஆபத்து. போலி எண்களை அங்கே பரப்பி வைத்து, உதவுவது போல் பேசி, கடவுச்சொல்லையும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் வாங்கிப் பணத்தைக் கவர்வோர் இருக்கிறார்கள். மாதாந்தர பில்லில் அச்சிட்டுள்ள எண்ணையே உபயோகிக்க வேண்டும். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் தாமதியாமல் 1930 என்னும் அரசாங்க எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த நிறுவனத்தில் இப்போது கணினிக்கு மேல் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. அனுப்பும் சர்வரின் பெயர், வாயில் 587, மறைகுறியாக்க முறை, பயனர் பெயர், வாடிக்கையாளர் எண், பில்லில் உள்ள தொலைபேசி எண் ஆகியவை அதில் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. கடவுச்சொல் மட்டும் அதில் இல்லை. அது ஓர் உறையில் இடப்பட்டு, தலைவரின் பீரோவில் இருக்கிறது.